ஊக்குப் போட்ட செருப்பு

அந்த எல்லையோரத்து ஊருக்குக் கிளம்பறவங்க எல்லாரும் என்கிட்ட வந்து, "அங்க என்னக்கா பார்க்கலாம்?"னு கேக்கறாங்க. நான் என்ன சுற்றுலா ஆபீஸா நடத்தறேன்? தையல்கடை வச்சிருக்கேன். ஒரு தடவை போயிட்டு வந்த பாவத்துக்கு, அளவு குடுக்க வந்து நிக்கறவங்ககூட கையைத் தூக்கிக்கிட்டே அதைத்தான் கேக்கறாங்க.

சரி, சொல்றேன். லைட் ஹவுஸ் இருக்கு, மூச்சு இருந்தா ஏறிப் பாருங்க. காலையில மீன் ஏலம் நடக்கும், மூக்கைப் பொத்திக்கிட்டு வேடிக்கை பாருங்க. பழைய சுங்கக் கட்டடம் ஒண்ணு, மஞ்சள் பெயிண்ட் அடிச்சுப் பூட்டி வச்சிருக்காங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா மேஜைமேல நாற்காலியைக் கவுத்து வச்சிருக்கிறது தெரியும், அவ்வளவுதான். கடற்கரையில காலை நீட்டி உட்காருங்க, எதையாவது வாங்கச் சொல்லி யாரும் உயிரை எடுக்க மாட்டாங்க. அப்புறம், தண்ணி வத்தற நேரத்துல மணல்திட்டு வழியா நடந்து அந்தப் பக்கத்து நாட்டுக்குப் போயிட்டு வரலாம். எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க. அதை மட்டும் செய்யாதீங்க. செஞ்சே தீருவேன்னு அடம்பிடிச்சா, கூட வந்தவங்களோட சண்டை போட்டுட்டுப் போகாதீங்க.

நான் போனது என் நாத்தனாரோட. வீட்டுக்காரரோட தங்கச்சி, எங்ககூடவேதான் இருக்கா. கல்யாணம்னு பேச்செடுத்தா, "எவன் உட்கார்ந்து என் பேச்சைக் கேப்பான்?"னு சிரிச்சுட்டுப் போயிடுவா. அந்த எவனுக்குப் பதிலா நான் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். அவங்க அண்ணன் அவளுக்கு வச்ச பேரு ரேடியோ. காலையில கண்ணு முழிச்சதும் ஆரம்பிச்சா, தூக்கத்துலகூட லேசா ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். காபியில சக்கரை கம்மி, நான் போட்ட பட்டன் காஜா கோணல், நான் வளர்க்கிற செடிக்குத் தண்ணி ஜாஸ்தி, எல்லாத்துக்கும் ஒரு செய்தி வாசிப்பு. நானும் வாயை மூடிக்கிட்டுக் கேக்கற ஜென்மம் இல்ல. நடுவுல மாட்டிக்கிட்ட மனுஷன் ஒரு நாள் ரெண்டு பஸ் டிக்கெட்டைக் கொண்டு வந்து மேஜையில வச்சாரு. "என் காது போச்சு. ரெண்டு பேரும் போய் கடல் காத்து வாங்கிட்டு வாங்க. சண்டையையும் அங்கயே போட்டு முடிச்சுட்டு வந்துடுங்க"ன்னாரு.

இறங்கினதும் எனக்கு முதல்ல பட்டது அந்த ஊரோட அமைதி. பஸ் ஸ்டாண்டுல ஹாரன் இல்ல, கடைத்தெருவுல கூவி விக்கறவங்க இல்ல. எல்லாரும் தலையை லேசா ஆட்டி, அளவாச் சிரிச்சு, மெல்லப் பேசினாங்க. ஒரு கடையில டம்ளரைக் கீழ வச்சா தெருக்கோடியில கேக்குது. அப்படி ஒரு ஊர்ல ரேடியோ வாயைத் திறந்தா எப்படி இருக்கும்? ஊர் பூரா ஒலிபரப்பாச்சு. "மெதுவாப் பேசித் தொலைடி, மானம் போகுது"ன்னு கையைக் கிள்ளினேன்.

ரெண்டாவதா பட்டது துணி. யாரைப் பார்த்தாலும் எனக்குத் தோள்தான் முதல்ல கண்ணுல விழும், தொழில் புத்தி. அந்த ஊர்க்காரங்க போட்டிருந்தது எல்லாம் நல்ல துணி, நல்ல தையல். ஆனா போட்டிருக்கிற ஆளுக்குத் துளி பொருந்தல. ஒருத்தருக்குக் கழுத்து விலகி நிக்குது, ஒருத்தருக்குக் கை முன்னால இழுக்குது. அண்ணனுக்கு அளவெடுத்ததைத் தம்பி போட்டுக்கிட்ட மாதிரி. "இங்க ஒரு தையல்காரன்கூடவா இல்ல? கடையை இங்க மாத்திட்டா பொழைச்சுக்கலாம் போலிருக்கே"ன்னேன்.

"மாத்துங்க அண்ணீ. எங்க வீடு நிம்மதியா இருக்கும்"னா அவ.

லாட்ஜ் நடத்தின அம்மா ரொம்பத் தங்கமான பொம்பளை. வாசல்ல நாங்க செருப்பைக் கழட்டினதும் அவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "உள்ளயே போட்டுக்குங்கம்மா. இங்க யாரும் கழட்டறதில்ல"ன்னாங்க. பார்த்தா, சமையல்கட்டுலகூட அவங்க செருப்போடதான் நிக்கறாங்க. கூட்டிப் பெருக்கற பொண்ணும் செருப்பு, மாடியில துணி காயப்போடற ஆளும் செருப்பு. ஊருக்கு ஊர் ஒரு பழக்கம்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில மணல்திட்டுக்குக் கிளம்பும்போது நாத்தனாரோட செருப்பு வார் அறுந்துபோச்சு. இடது கால் செருப்பு. வேற வாங்குன்னு நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன செருப்பு அது. என் கைப்பையில ஊசியும் நூலும் எப்பவும் இருக்கும், அது அவளுக்கும் தெரியும். "அண்ணீ, ஒரு தையல் போட்டுக் குடுங்களேன்"னு காலை நீட்டினா. அவ என்னை எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவா, 'ணீ'யை ரப்பர் மாதிரி இழுத்து.

"நான் துணி தைக்கிறவ. உன் செருப்புக்கும் நான்தான் கிடைச்சேனா?"

"ஒரு தையல். ஊசி உடைஞ்சா போயிடும்?"

"உடையும். ஊசி உடையும், என் மானமும் உடையும். வெறுங்காலோட வா."

அவ ஒண்ணும் பேசாம தன் சட்டையில இருந்த ஊக்கைக் கழட்டி வாருல குத்திக்கிட்டா. அவ பேசாம இருந்தாலே ஆபத்து. தெரு பூரா எனக்கு முன்னால விறுவிறுன்னு நடந்தா, ஊக்குப் போட்ட செருப்பு தரையில இழுபட்ட சத்தம்தான் கேட்டுச்சு.

கடற்கரை முடியற இடத்துல ஒரு தகரக் கூரை. அதுக்குக் கீழ ஒரு வாட்ச்மேன், ஒரு முக்காலி, ஒரு செருப்பு ஸ்டாண்டு. அந்தாண்ட ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சங்கிலி. அதுக்கப்புறம் மணல்திட்டு, ஈரமா, வெள்ளையா, பனிமூட்டத்துக்குள்ள போய் மறையுது. அடுத்த நாடு அந்தப் பனிக்கு அந்தப் பக்கம். ஒரு நாட்டு மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கால்ல ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஏதோ பழைய ஏற்பாடாம். அதனால செருப்பைக் கழட்டி ஸ்டாண்டுல வச்சுட்டுப் போகணும், திரும்பி வந்து போட்டுக்கணும். அடையாள அட்டை கிடையாது, கையெழுத்து கிடையாது. தண்ணி ஏற ஆரம்பிக்கும்போது ஸ்டாண்டு காலியா இருந்தா, எல்லாரும் வந்தாச்சுன்னு வாட்ச்மேன் சங்கிலியை மாட்டிடுவாரு.

"ஆளைப் பார்க்க மாட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"முகத்தை வச்சு என்னம்மா பண்றது? ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் இருக்கும். செருப்புல அவங்கவங்க காலு பதிஞ்சிருக்கும்"னாரு. பேசும்போதும் அவரு கண்ணு ஸ்டாண்டை விட்டு நகரல.

"அண்ணீ வரீங்களா, இல்ல இங்கயும் மானம் உடையுமா?"ன்னு நாத்தனார் கேட்டா. நாலு பேரு திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு வந்துச்சே கோபம்! "நான் வரல. நீ போ. போய் அங்கயே கெட"ன்னேன். அவ செருப்பைக் கழட்டி ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்கன்னு ஸ்டாண்டுல வீசிட்டு மணல்ல இறங்கிப் போயிட்டா.

பக்கத்துலயே ஒரு டீக்கடை. அவ திரும்பி வரும்போது நான் வழிமேல விழி வச்சுக் காத்துக்கிட்டிருந்த மாதிரி தெரியக் கூடாதுன்னு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டீ மேல டீ. காத்து கரையில இருந்து கடல் பக்கமா அடிச்சுக்கிட்டிருந்துச்சு. வெயில் உச்சிக்கு ஏறிச்சு. போனவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க, செருப்பு மாட்டற சத்தம் கேட்டுச்சு, நான் திரும்பல. அப்புறம் சங்கிலி மாட்டற சத்தம். திரும்பிப் பார்த்தா ஸ்டாண்டு துடைச்சு வச்ச மாதிரி காலி. என் முதுகைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாளா, அவ்வளவு திமிரான்னு, பொருமிக்கிட்டே லாட்ஜுக்குப் போனேன்.

ரூமுல கட்டில் ஓரத்துல அவ உட்கார்ந்திருந்தா. இடது காலை மடிமேல தூக்கி வச்சுக்கிட்டு, செருப்பைக் கழட்டாமலேயே, நான் ரூமுலயே விட்டுட்டுப் போன கைப்பையில இருந்து என் ஊசியை எடுத்து வாரைத் தைச்சுக்கிட்டிருந்தா. கழட்டின ஊக்கு பக்கத்துல இருந்துச்சு.

"வந்துட்டீங்களா அண்ணி? உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே தைச்சுட்டேன். உங்க ஊசியை எடுத்ததுக்குக் கோபம் இல்லையே?"

இவளுக்குத் தைக்கத் தெரியுமா? பட்டன் போச்சுன்னாகூடச் சட்டையை என் தலைமேல வீசறவளாச்சே. அதைவிட, 'அண்ணி'. இழுக்காம, குறுக்காம, அளந்து சொன்ன அண்ணி. சண்டைக்கு அப்புறம் மனசு இளகிட்டா போலிருக்குன்னு நினைச்சேன். சந்தோஷமாகூட இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

சாப்பாடு ரூமுக்கே வந்துச்சு. எனக்கு முதல்ல பரிமாறினா. உப்பு இல்லைன்னு சொல்லல, லாட்ஜ்காரங்களைத் திட்டல, தட்டுல வச்சதை வச்சபடி சாப்பிட்டா. அப்ப வீட்டுல இருந்து போன் வந்துச்சு. போனை அவகிட்ட குடுத்தேன். "நல்லா இருக்கோம் அண்ணா. அண்ணி ரொம்ப நல்லாப் பார்த்துக்கறாங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு என்கிட்ட நீட்டினா. அந்தப் பக்கம் மனுஷன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! "என்னடி மாயம் பண்ணின? இந்த மாதிரி ஒரு தங்கச்சி எனக்கு இருக்கான்னே தெரியாமப் போச்சே!"ன்னாரு.

நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் காத்து திரும்பி, கடல் பக்கத்துல இருந்து ஏதோ சத்தம் கேட்டுச்சு. ரொம்பத் தூரத்துல யாரோ கத்தற மாதிரி. என்னன்னு காதைத் தீட்டறதுக்குள்ள அவ எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினா. "கடல் காத்து உங்களுக்கு ஒத்துக்காது அண்ணி"ன்னா.

ஜன்னலைச் சாத்தக் கையைத் தூக்கினாளே, அப்பத்தான் பார்த்தேன். அவ போட்டிருந்த நீலச் சட்டையில கழுத்துப் பக்கம் ஒரு சுருக்கம். அந்தச் சட்டையைத் தைச்சவ நான். என் நாத்தனாருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். சின்ன வயசுல அவங்க அண்ணன் ஊஞ்சலை வேகமாத் தள்ளி விழுந்தது. அதனால அவளுக்கு எது தைச்சாலும் இடது பக்கம் உள்ளுக்குள்ள துணி மடிச்சு வச்சு உசத்துவேன், வெளியில யாருக்கும் தெரியாது. நான் தைச்ச சட்டை அவ உடம்புல சுருங்கினதா சரித்திரமே இல்ல. இப்ப அந்த மடிப்பு தனியாத் தூக்கிக்கிட்டு நிக்குது.

"நில்லு, சட்டை கோணலா இருக்கு"ன்னு கிட்டப் போய் ரெண்டு தோள்லயும் கையை வச்சேன். ரெண்டும் தராசுத் தட்டு மாதிரி சமம்.

"உன் தோள் எப்படி இறங்குச்சு, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"அண்ணன் ஊஞ்சலைத் தள்ளினாங்க, விழுந்துட்டேன்."

"இப்ப இறக்கத்தைக் காணோமே."

அவ என் முகத்தையே பார்த்தா. பார்த்துட்டு, ரொம்ப நல்ல பொண்ணாச் சிரிச்சா. "சரியாயிடுச்சு அண்ணி."

அவளைத் தாண்டிப் போய் ஜன்னலைத் திறந்தேன். காத்தோட அந்தச் சத்தம் வந்துச்சு. வார்த்தை புரியல. கடைசியில இருந்த 'ணீ' மட்டும் கேட்டுச்சு, ரப்பர் மாதிரி இழுத்து.

எப்படி ஓடினேன்னு தெரியாது. வாட்ச்மேன் காலி ஸ்டாண்டைத் துணியால துடைச்சுக்கிட்டிருந்தாரு. சங்கிலிக்கு அந்தாண்ட மணல் இல்ல, தண்ணிதான். "என் நாத்தனார் இன்னும் வரலை, திறங்க"ன்னு கத்தினேன்.

"வந்தாச்சேம்மா. செருப்பு போயாச்சே. ஊக்குப் போட்ட செருப்பு."

"செருப்பு வந்துச்சு. வந்தது அவ இல்ல."

நான் ஏதோ விசித்திரமாச் சொல்லிட்ட மாதிரி அவரு முழிக்கல. துணியை மடிச்சு முக்காலியில வச்சாரு. "உங்களை ஏதாவது சொன்னாங்களா? எதிர்த்துப் பேசினாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? நிறைய பேரு அப்படியே கூட்டிட்டுப் போயிடறாங்க. கோவிச்சுக்கிட்டுப் போன புருஷன், பேசாமப் போன மகள்... வந்தவங்க நல்லபடியா இருக்காங்க. கொஞ்ச நாள் ஒரு மாதிரியா இருக்கும், அப்புறம் பழகிடும். நாங்களும் இங்க நிம்மதியாத்தானே இருக்கோம்."

நாங்களும்னாரு. நான் அவரு தோளைப் பார்க்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன், கண்ணு கேக்கல. காக்கிச் சட்டையோட தோள் மடிப்பு கைக்கு வழிஞ்சு இறங்கிக் கிடந்துச்சு. அந்த ஊர்ல நான் பார்த்த சட்டை எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. சமையல்கட்டுல செருப்போட நின்ன அந்தத் தங்கமான அம்மாவும்.

"எனக்கு என் ஆளு வேணும்"னேன். அழுகை வந்துடுச்சு.

"சாயங்காலம் தண்ணி வத்தும். இன்னொரு தடவை திறப்பேன். அப்ப அந்தச் செருப்பு ஸ்டாண்டுல இருந்தா, செருப்புக்கு உரியவங்க வந்து போட்டுக்கலாம். இல்லைன்னா இன்னைக்குக் கணக்கு முடிஞ்சுது, நாளைக்கு வந்தா அவங்க அந்தப் பக்கத்து ஆளு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. பிடுங்கி வச்சா செல்லாது. போட்டிருக்கிறவங்களே கழட்டி வைக்கணும்." கொஞ்சம் நிறுத்திட்டு, மெல்லச் சொன்னாரு, "யாரும் கழட்டறதில்லம்மா."

திரும்பி நடக்கும்போது ஒரு கெட்ட எண்ணம் வந்துச்சு, ஒளிக்க மாட்டேன். இவளையே கூட்டிட்டுப் போனா என்ன? பேரு அதே பேரு, முகம் அதே முகம், வாய் மட்டும் இல்ல. காஜா கோணல்னு சொல்ல ஆளு இருக்காது. மனுஷனுக்குக் காது வலி தீரும். நான் எத்தனை நாள் சாமிகிட்ட கேட்டது இது!

கேட்டதுதான். ஆனா எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆனப்போ, வலியில நான் முனகறதை நர்ஸு கண்டுக்காமப் போனா. எங்க வீட்டுக்காரரு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. அந்த ஆஸ்பத்திரி மூணு மாடியும் கேக்கற மாதிரி கத்தி, டாக்டரை வீட்டுல இருந்து வரவழைச்சது இந்த வாய்தான். அப்பவும் என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "செத்துகித்துத் தொலையாதீங்க அண்ணீ, எனக்குச் சண்டை போட ஆளு இல்ல"ன்னுதான் சொன்னா. அந்த வாய் இப்போ தண்ணிக்கு அந்தாண்ட வறண்டு போய்க் கத்திக்கிட்டிருக்கு. அவ இல்லாத வீட்டுல அந்த அமைதியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்.

ரூமுல அவ எங்க ரெண்டு பேரு துணியையும் மடிச்சுப் பையில அடுக்கி வச்சிருந்தா. என் துணியை அவ்வளவு அழகா நான்கூட மடிச்சதில்ல. பாதம் ரெண்டையும் சேர்த்து வச்சுக்கிட்டு, செருப்போட, கட்டில்ல காத்துக்கிட்டிருந்தா.

எதிர்ல உட்கார்ந்தேன். என்னென்னவோ யோசிச்சேன். புதுச் செருப்பு வாங்கித் தரேன்னு ஏமாத்தலாமா, கால் கழுவச் சொல்லலாமா. அவ என்னையே பார்த்துக்கிட்டிருந்தா, ஏதாவது வேலை சொல்ல மாட்டேனான்னு ஏங்கற மாதிரி. வெயில் தாழ்ந்ததும், "வா, கடற்கரைக்குப் போவோம்"னேன்.

"சரி அண்ணி"ன்னு ரெண்டு பையையும் அவளே தூக்கிக்கிட்டா.

வழியில யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கல. முதல் தடவையா அந்த ஊர்ச் சனம் வாசல்லயும் ஜன்னல்லயும் சும்மா நின்னு பார்த்தாங்க. லாட்ஜ்கார அம்மா படியில நின்னு, என்னை இல்ல, அவ காலைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையில கோபம் இல்ல, பயம்தான் இருந்துச்சு. மேடு வந்த இடத்துல அவ பைகளை ஒரு கைக்கு மாத்திக்கிட்டு, என் முழங்கையைப் பிடிச்சு ஏத்திவிட்டா. என் நாத்தனாரா இருந்தா "உருண்டு வாங்க அண்ணீ"ன்னு சொல்லியிருப்பா.

தண்ணி வத்திப்போயிருந்துச்சு. வாட்ச்மேன் சங்கிலியைக் கழட்டி வச்சுட்டு முக்காலியில உட்கார்ந்திருந்தாரு. ஸ்டாண்டு காலி. பனிக்குள்ள இருந்து இப்ப சத்தம் எதுவும் வரல. கத்தித் தொண்டை போயிடுச்சா, இல்ல வேற ஏதாவதா?

அவ பக்கம் திரும்பினேன். ஏமாத்தத் தெம்பு இல்ல, நேராவே சொன்னேன். "செருப்பைக் கழட்டி வைம்மா."

அம்மான்னு ஏன் சொன்னேன்னு தெரியல. அவ முகத்துல இருந்த சிரிப்பு போச்சு. ஸ்டாண்டைப் பார்த்தா, மணலைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. வாட்ச்மேன் முக்காலியை விட்டு எழுந்துட்டாரு. கழட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனா அப்படிச் சொல்ல அவளுக்குத் தெரியல. எதிர்த்துப் பேசத் தெரிஞ்சவ பனிக்கு அந்தாண்ட இல்ல இருக்கா.

"நீங்க சொன்னா சரி அண்ணி"ன்னா.

குனிஞ்சு வலதைக் கழட்டினா. இடதைக் கழட்டும்போது நிறுத்தி, வாரை விரலால தொட்டா. "தையல் சரியா வந்திருக்கா அண்ணி? நீங்க பார்க்கவே இல்லையே."

பார்த்தேன். நூலு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியல, அப்படி ஒரு பொடித் தையல். "நல்லா இருக்கு. என்னைவிட நல்லா தைச்சிருக்க"ன்னேன். அது சத்தியம்.

அவ முகம் மலர்ந்துச்சு. அதைத்தான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல. ரெண்டு செருப்பையும் ஜோடி சேர்த்து ஸ்டாண்டுல வச்சா, பைகளை என் பக்கத்துல வச்சா, வெறுங்காலோட மணல்ல இறங்கினா. திரும்பிப் பார்க்காம நடந்தா. பனி ஆரம்பிக்கிற இடத்துல எதிர்ப்பக்கம் இருந்து இன்னொரு உருவம் வந்துச்சு. அதே உயரம், அதே நீலச் சட்டை, இடது தோள் இறங்கி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு உரசற மாதிரி தாண்டிப் போச்சு. வந்தவ போனவளைப் பார்க்கல. போனவ மட்டும் நின்னு திரும்பி, வந்தவ பின்னாடியே சங்கிலிக் கம்பம் வரைக்கும் மெல்ல வந்தா.

"நீங்கள்லாம் ஒரு மனுஷியா?" வந்துச்சு என் ரேடியோ. குரல் கரகரத்துப்போய், முட்டி வரைக்கும் சேறு. "மத்தியானம் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தறேன். எனக்குப் பின்னால வந்தவங்களுக்கெல்லாம் மணல் வழி விடுது, நான் காலை வச்சா தண்ணி. பனி விலகினப்போ டீக்கடையில உங்க முதுகு தெரியுது, அது அசைஞ்சா கேளுங்க! கல்லுக்காவது காது இருக்கும்! அங்க ஒரு ஈ காக்கா பேச மாட்டேங்குது, எல்லாம் சிரிக்குது. காலையில போனதுமே எவளோ ஒருத்தி என் பக்கத்துலயே உட்கார்ந்து உங்களைப் பத்தி, என் தோளைப் பத்திக்கூட, ஒவ்வொண்ணாக் கேட்டா. என்ன பிடிக்கும், எதுக்குக் கோபம் வரும்னு. நானும் உங்க மேல இருந்த ஆத்திரத்துல எல்லாத்தையும் கொட்டிட்டேன், போங்க!"

நான் அவளைக் கட்டிப் பிடிச்சேன். கை தன்னால இடது தோளைத் தேடிச்சு. இறக்கம் இருந்துச்சு. அழுதேன்னா அப்படி அழுதேன். "என்ன அண்ணீ, பைத்தியம் பிடிச்சிருச்சா, சேறு ஒட்டுது"ன்னு என்னை விலக்கிட்டு, இன்னும் திட்டிக்கிட்டே செருப்பைக் கால்ல மாட்டினா. மாட்டும்போது கை நின்னுச்சு. வாய் நின்னுச்சு.

குனிஞ்சு இடது வாரைத் தடவிப் பார்த்தா. ஊக்கு இல்ல. நிமிர்ந்தப்போ அவ கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ என்னை அப்படிப் பார்த்ததே இல்ல.

"அண்ணி," இழுக்கல அவ, "எனக்காகவா உட்கார்ந்து தைச்சீங்க?"

வாட்ச்மேன் சங்கிலியைக் கையில எடுத்தாரு. கம்பத்துக்கு அந்தப் பக்கம், மணல்ல வெறுங்காலோட அதைத் தைச்சவ நின்னுக்கிட்டிருந்தா. நான் என்ன சொல்லப் போறேன்னு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா.

"ஆமாடி"ன்னேன்.

மெல்லத்தான் சொன்னேன். ஆனா அந்த ஊர்ல எவ்வளவு மெல்லச் சொன்னாலும் கேக்கும்.